பிள்ளைக்குப் புற்றுநோய், அம்மாவுக்குத் தூக்கம் இல்லை: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. டாக்டர்கள் ஏ.எல்.எல். என்று சொல்லும் வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். செய்யாறு பக்கத்திலிருந்து சென்னைக்கு இரண்டரை வருடம் அலைந்தோம். இப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வாரத்தில் ஒரு நாள் நான் குழந்தைகள் வார்டுக்குப் போய் அம்மாக்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன்.

கீமோ, சாப்பாடு, முடி கொட்டுவது, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுவிடுகிறார்கள். தூக்கத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. காலையில் பாயைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளும்போது என்னிடம் கேட்கிறார்கள். கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வந்ததால் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதுதான் இது. நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றி வரும் இடங்களில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

அக்கா, எனக்கு மட்டும்தான் இப்படியா? மத்தவங்கல்லாம் நல்லா தூங்குற மாதிரிதானே இருக்கு?

இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வார்டைப் பாருங்கள். பாயில் இருப்பவர்கள் எல்லோரும் கண்ணை மூடித்தான் படுத்திருப்பார்கள். ஒரு பிள்ளை இருமினால் போதும், பத்துத் தலை நிமிரும். இருமியது தன் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் ஒன்பது தலை திரும்பச் சாயும்.

பல நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு, அதிலும் கூடவே இருக்கும் அம்மாவுக்கு, தூக்கம் கெடுவது நோயைக் கண்டுபிடித்த முதல் வாரங்களோடு நிற்பதில்லை. வீட்டில் பெரும்பாலும் மாத்திரையே கொடுக்கும் மெயின்டெனன்ஸ் காலத்திலும் தொடர்கிறது.

நாலு மணி நேரம் தூங்குறேன். போகப் போக உடம்பு பழகிடும்ல?

பழகாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். நாலு மணி நேரத்திலேயே பல வாரம் ஓட்டினால் உடம்பு பழகிவிட்டதாக நமக்குத் தோன்றும். உண்மையில் கெட்டுப்போனது தெரியாமல் போவதுதான் நடக்கிறது. சாவியை எங்கே வைத்தோம், சிஸ்டர் என்ன சொன்னார், எதற்காக அவரிடம் எரிந்து விழுந்தோம் என்று யோசித்தால் புரியும்.

அந்த நாலு மணி நேரமும் துண்டு துண்டாக இருப்பது இன்னொரு பிரச்சினை. தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. மணிக்கொரு தடவை எழுந்தால் ஒரு சுற்றுகூட முழுதாக முடியாது. அதனால் நான் அம்மாக்களிடம் ஏழு மணி நேரம் தூங்கச் சொல்வதில்லை. வார்டில் அது நடக்காத காரியம். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரியாவது நாலைந்து மணி நேரம் யாரும் எழுப்பாத ஒரே தூக்கம் கிடைக்கிறதா என்றுதான் கேட்பேன். இது நானாக வைத்துக்கொண்ட கணக்கு. இதற்கு மேல் எது கிடைத்தாலும் லாபம்.

உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஆனா படுத்தா கண்ணு மூடல. ஏன்?

அசதி வேறு, தூக்கம் வேறு. நாள் முழுக்க ஓடியதால் வருவது அசதி. தூக்கம் வருவதற்கு மூளை காவலை விட வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் மூளை எளிதில் காவலை விடாது. நெஞ்சு படபடப்பு, தோள் இறுக்கம், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடுவது எல்லாம் அதன் வேலைதான்.

கட்டாயப்படுத்தித் தூங்கப் பார்த்தால் இன்னும் முழிப்புத்தான் வரும். இருபது நிமிடம் ஆகிவிட்டதாகத் தோன்றினால் எழுந்து உட்காருங்கள். மணி பார்க்காதீர்கள். துணி மடிக்கலாம், பூண்டு உரிக்கலாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். இது எல்லா ராத்திரியும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வார்டுல லைட்டு, அந்த மிஷின் சத்தம்… இதுல எப்படி தூங்குறது?

மிஷினில் இருந்து ஆரம்பிக்கிறேன். ட்ரிப்ஸ் பம்ப் கீ கீ என்று கத்தினால் அடிவயிறு கலங்கும். முதல் மாதம் முழுக்க எனக்கு அப்படித்தான். கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் நாலுதான் என்று ஒரு சிஸ்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மருந்து முடிந்திருக்கும், பிள்ளை கையை மடக்கியதில் டியூப் அடைத்திருக்கும், டியூபில் காற்றுக் குமிழி இருக்கும், இல்லை சார்ஜ் இறங்கியிருக்கும். நாலும் சிஸ்டர் வந்து சரிசெய்யக்கூடியவை. எது என்று திரையில் எழுத்து வரும், அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படுக்கும் முன் பிளக் சுவரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் நாலாவது காரணம் போய்விடும்.

அடுத்து, ராத்திரி ஒன்பது மணி வாக்கில் டூட்டி சிஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி: “இன்னைக்கு ராத்திரி என்னென்ன, எத்தனை மணிக்கு?” மருந்து மாற்றுவது, பி.பி. பார்ப்பது, விடியற்காலை ரத்தம் எடுப்பது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு நேரம் இருக்கிறது. அது தெரிந்தால் இடையில் எங்கே இரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்று நமக்கும் தெரியும். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். முடிந்தால் செய்வார்கள். சைக்ளோபாஸ்பமைடு மாதிரி கீமோ மருந்து போகிற நாட்களில் நிறையத் தண்ணீர் ஏற்றுவார்கள். பிள்ளை இரண்டு மணிக்கொரு தடவை ஒன்றுக்குப் போகும், நீங்கள் அளந்து எழுத வேண்டும். அன்று தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் பகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லைட்டுக்குத் துப்பட்டா போதும், நாலாக மடித்துக் கண் மேல். காதில் பஞ்சு வைத்தால் பிள்ளை கூப்பிடுவது கேட்காதே என்று பயப்படுகிறார்கள். பஞ்சு சத்தத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

பகல்ல தூங்கலாமா? “பட்டப்பகல்ல படுத்தா மூதேவி”ன்னு மாமியார் சொல்றாங்களே.

தாராளமாகத் தூங்கலாம். உங்கள் மாமியார் சொல்வது ராத்திரி தூங்கியவர்களுக்கு. மூன்று மணிக்கு முன்னால் இருபது முப்பது நிமிடம் தூங்கினால் ராத்திரித் தூக்கம் பெரிதாகக் கெடாது. முந்தின ராத்திரி சுத்தமாகத் தூங்கவில்லை என்றால் ஒரு முழுச் சுற்று, அதாவது ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். எழுந்ததும் கால் மணி, அரை மணி நேரம் தலை மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் மருந்து அளக்காதீர்கள்.

தூக்கம் வராம இருக்க டீ குடிக்கிறேன், அப்புறம் தூக்கமே வரல. என்ன பண்ண?

காபி, டீயில் உள்ள கஃபீன் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உடம்பில் இருக்கிறது. மதியம் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். சாயங்காலம் கேன்டீன் வாசலில் நாலு அம்மாக்களோடு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விடாதீர்கள். கையில் பால் இருக்கட்டும்.

டெக்ஸா வாரம் வந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லி கேட்டு அழறான். எனக்கு வெறுப்பா இருக்கு. இது தப்பா?

தப்பில்லை. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இரண்டும் ஸ்டீராய்டு. பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், பிள்ளையைச் சிடுசிடுப்பாக்கும். அடம் பிடிப்பது பிள்ளை இல்லை, மருந்து. என் மகன் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, ஒரு மணிக்கு, மூன்றரைக்கு என்று மூன்று தடவை தயிர்சாதம் சாப்பிட்டான். மூன்றாவது தடவை ஊட்டும்போது அழுதது நான்.

இரண்டு ஏற்பாடு செய்யலாம். ஒன்று, ஸ்டீராய்டை இரண்டு வேளையாகக் கொடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டாவது வேளையைப் படுக்கும் நேரத்துக்குப் பதில் மாலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். இன்னொன்று, ராத்திரிச் சாப்பாட்டைக் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வையுங்கள். பிளாஸ்கில் சூடான கஞ்சி போதும். அடுப்பைப் பற்றவைக்காமல், லைட்டைப் போடாமல் கொடுத்துவிட்டால் இரண்டு பேரும் திரும்பத் தூங்க வாய்ப்பிருக்கிறது. ரத்தத்தில் வெள்ளை அணு கவுண்ட் குறைவாக இருக்கும்போது ஆறிப்போன சாப்பாடு வேண்டாம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்ல இருக்கும்போது அரைமணிக்கொருதரம் நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறேன். எவ்வளவு தடவை பார்க்கணும்?

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கீமோவில் வெள்ளை அணு இறங்கியிருக்கும்போது காய்ச்சல் வந்தால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எங்களுக்குச் சொன்ன அளவு 100.4 டிகிரி. சில இடங்களில், ஒரு தடவை 101 தாண்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ வரச் சொல்வார்கள். உங்களுக்குச் சொன்ன எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மருத்துவமனையைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்காதீர்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. நடுங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு படுத்தாலோ தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும்போது காய்ச்சல் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

ஆனால் அரைமணிக்கொரு தடவை தொட்டுப் பார்க்கும்படி எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. கையால் தொட்டு 99க்கும் 100.4க்கும் வித்தியாசம் சொல்லவும் முடியாது. “ராத்திரி எத்தனை தடவை பார்க்கணும்?” என்று டாக்டரிடம் நேராகக் கேட்டு, அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். படுக்கும்போது ஒன்று, நடுவில் அலாரம் வைத்து ஒன்று என்று அவர் சொன்னால் அலாரத்தை நம்புங்கள். நான் என் புடவை முந்தானையை அவன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பேன். அவன் புரண்டால் எனக்குத் தெரிய வேண்டும் என்று. ஒரு வருடம் கழித்து அவன் சொன்னான்: “நீ புரண்டா நான் முழிச்சுக்குவேன்மா.”

மெயின்டெனன்ஸ்ல ராத்திரி மாத்திரைக்காகத் தூங்குற பிள்ளையைப் பத்து மணிக்கு எழுப்பணும். ரெண்டு பேர் தூக்கமும் போகுது.

மெர்காப்டோபியூரின் மாத்திரையைத்தானே சொல்கிறீர்கள்? படுக்கும் நேரத்தில், வெறும் வயிற்றில், பால் சேர்க்காமல் கொடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். பின்னால் ஏராளமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், நேரமும் பாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் ஏற்படுத்தவில்லை, நாள் தவறாமல் கொடுப்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது. ஆகவே எட்டு மணிக்கே கொடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றமே நிம்மதி தந்திருக்கிறது.

மறதி ஜாஸ்தியாயிடுச்சு. மருந்தை மாத்திக் கொடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனமும் கையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குத் தடுமாறும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட 0.03 சதவீதம்தான் உச்சம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை பிரிக்கும் அம்மா எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஸ்கூட்டி ஓட்டுவதற்கும் இதே கணக்குத்தான்.

மெயின்டெனன்ஸில் மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும். இரண்டும் பல கம்பெனிகளில் மஞ்சள் மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட்டைத் தெரியாமல் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனி டப்பாவில், தனி அலமாரியில் வையுங்கள். காலண்டரில் அந்த ஒரு கிழமையை வட்டம் போடுங்கள். வாரத்துக்கான மாத்திரைகளை ஞாயிறு காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த யாராவது பிரித்து வைக்கட்டும், இன்னொருவர் சரிபார்க்கட்டும். எனக்கு அதைச் செய்து கொடுத்தது ப்ளஸ் டூ படித்த என் நாத்தனார் மகள்.

படுத்தா கால் குடையுது. ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் சரியாகுது. இதுவும் கவலையாலயா?

இது வேறு. ரத்தம் சோதித்துப் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்தால் இப்படிக் கால் குடைச்சல் வரலாம், அதற்கு மருந்து உண்டு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிள்ளையின் ஹீமோகுளோபினைப் பாயின்ட் சுத்தமாகச் சொல்லும் அம்மாக்களிடம் “உங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

ராத்திரி வார்டுல ஆம்பளைங்களை விடமாட்டாங்க. அவர் எப்படி மாத்தி விடுவார்?

பல வார்டுகளில் ராத்திரி ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் பாஸ். அம்மாக்கள் பலரும் அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் தூக்கம் ராத்திரிதான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. அவர் காலை ஆறு மணிக்கு வந்து பத்து வரை இருந்தால், நீங்கள் நாலு மணி நேரம் தங்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது என்றாலும் சரி. அப்பாக்கள் தட்டிக் கழிக்கிறார்கள் என்பதைவிட, அவர்களை யாரும் கேட்கவே இல்லை என்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கேட்டும் வராதவர்கள் உண்டு. அங்கே அம்மா, தங்கை, சித்தி என்று ஆள் தேட வேண்டியதுதான்.

தங்க இடமே இல்லை என்றால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். வெளியூர்க் குடும்பங்களுக்கு இலவசமாக அறை தரும் அமைப்புகள் இருக்கின்றன. 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸுக்குச் சென்னையிலும் இடம் உண்டு. மருத்துவமனை வழியாகத்தான் சேர முடியும்.

ஒவ்வொரு தடவையும் ராத்திரி பஸ்ல உக்காந்தே வந்து ஒரு நாள் தூக்கம் போயிடுது.

உங்கள் ஊருக்கு ரயில் இருந்தால் ரயிலுக்கு மாறுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை, கூட வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்து வேண்டும். பெர்த்தில் நீட்டிப் படுக்கலாம்.

எங்கம்மா வந்து பார்த்துக்கிறாங்க. நான் போய்ப் படுத்தாலும் தூக்கம் வரல. எழுந்து ஓடி வந்துடுறேன்.

எங்கள் ஊரில் அறுப்பு முடிந்து களத்தில் நெல் குவிந்திருந்தால் ராத்திரிக் காவலுக்கு இரண்டு பேர் போவார்கள். ஒருவர் முழித்திருக்க, மற்றவர் தூங்குவார். தூங்கப் போகிறவர் “மேற்கால ரெண்டு மாடு சுத்துது, பார்த்துக்க” என்று சொல்லிவிட்டுத்தான் துண்டை விரிப்பார். பொறுப்பைச் சொல்லிக் கொடுத்ததால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது. நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. “கொஞ்சம் பார்த்துக்கம்மா” என்று எழுந்து போகிறோம். எதைப் பார்க்க வேண்டும் என்று பாட்டிக்கும் தெரியாது, பாட்டிக்குத் தெரியாது என்பது நமக்குத் தெரியும். தூக்கம் எப்படி வரும்?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். காவல் மாறும்போதெல்லாம் நாலு வரி: கடைசியாகக் காய்ச்சல் பார்த்த நேரமும் அளவும், அடுத்த மருந்து என்ன, எத்தனை மணிக்கு, இப்போது பம்பில் என்ன போகிறது, எதற்கெல்லாம் என்னை எழுப்ப வேண்டும். நாலாவது வரிதான் முக்கியம். “காய்ச்சல் 100.4, ரத்தம் கசிஞ்சா, மூச்சு வாங்கினா. வேற எதுக்கும் எழுப்பாதீங்க” என்று நான் எழுதுவேன். என் அம்மாவுக்கு எழுத்து வராது. பக்கத்துக் கட்டில் அக்கா படித்துச் சொன்னதை அப்படியே ஒப்பித்துக் காட்டினார். அன்று ஐந்து மணி நேரம் தூங்கினேன், வார்டுக்கு வந்த பின் முதல் தடவையாக. எழுந்து வந்தபோது பேரன் தலையில் பாட்டி தின்ற முறுக்கின் தூள் இருந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

மறுநாள் ரிசல்ட்னா அந்த ராத்திரி போச்சு. போன்ல தேடிக்கிட்டே இருப்பேன்.

எலும்பு மஜ்ஜை டெஸ்ட் முடிவுக்கு முந்தின ராத்திரி தூங்கிய அம்மாவை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த ஒரு ராத்திரியை விட்டுவிடுங்கள். தூங்க வேண்டும் என்று போராடாமல் யாராவது ஒருவரோடு பேசிக்கொண்டிருங்கள்.

மற்ற ராத்திரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். போனைத் தள்ளி வைக்கச் சொல்வது வீட்டில் நிம்மதியாக இருப்பவர்களுக்கான அறிவுரை. மருத்துவமனை நம்பர் அதில்தான் இருக்கிறது, தூரவா வைக்க முடியும்? கூப்பிடவும் கூப்பிட்டால் எடுக்கவும் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். தேடுவதைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். ஆறு மணிக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து மனதில் ஓடுவதையெல்லாம் அதே நோட்டின் பின்பக்கம் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ராத்திரி ஒரு மணிக்கு அதே நினைப்பு வந்தால், எழுதியாயிற்று, புள்ளியும் வைத்தாயிற்று, காலையில் ரவுண்ட்ஸில் கேட்கலாம். ஒரு மணிக்கு வந்து விழும் தகவலில் பாதி பெரியவர்களுக்கு வரும் வேறு ரத்தப் புற்றுநோயைப் பற்றியது. அது தெரியாமல் நான் மூன்று ராத்திரி அழுதிருக்கிறேன்.

தூக்க மாத்திரை போட்டுக்கலாமா? பிளேட்லெட் ஏத்துறதுக்கு முன்னாடி குழந்தைக்குக் கொடுக்குற அவில் போட்டா தூக்கம் வருதே?

பிள்ளையின் மருந்தைத் தொடாதீர்கள். அவில் அலர்ஜிக்கான மருந்து. தூக்கக் கலக்கம் அதன் பக்க விளைவு, மறுநாள் காலையும் இழுக்கும். மறதி பற்றிய கேள்வியில் சொன்னதெல்லாம் அந்த மந்தத்தில் இன்னும் மோசமாகும்.

அல்பிரசோலம், குளோனசிபாம், சோல்பிடெம் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்குவது ஆபத்து. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடலாம், திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல். தனியாக இருக்கும் ராத்திரியில் போட்டுவிட்டுப் பிள்ளை கூப்பிடுவது கேட்காமல் போனால் என்ன செய்வீர்கள்? அதற்காக மாத்திரையே பாவம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் உங்களைப் பார்த்து, கொஞ்ச நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தால், வேறொருவர் காவலில் இருக்கும் ராத்திரியில் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ, கைக்குழந்தை பக்கத்தில் படுத்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவன் வலியில துடிக்கும்போது நான் குறட்டை விட்டேன்னு அவரோட தங்கச்சி எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. கூனிக் குறுகிப் போயிட்டேன்.

முப்பது மணி நேரம் முழித்திருந்த உடம்பு உங்களைக் கேட்டுக்கொண்டு தூங்குவதில்லை. உட்கார்ந்தபடியே போய்விடும். அது பாசக் குறைவு இல்லை. அடுத்த தடவை அந்த நாத்தனார் வரும்போது நாற்பது பக்க நோட்டை அவர் கையில் கொடுத்து, “இன்னைக்கு ராத்திரி நீங்க இருங்க” என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும், இரண்டும் உங்களுக்கு நல்லதுதான்.

ட்ரீட்மென்ட் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. பையன் நல்லா இருக்கான். நான் மட்டும் ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிறேன். பைத்தியமா எனக்கு?

இல்லை. இரண்டரை வருடம் இரண்டு மணிக்கு எழுந்த உடம்புக்குச் சிகிச்சை முடிந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாவது இப்படி நீடித்தால் அதைத் தனி நோயாகவே எடுத்துச் சிகிச்சை தருகிறார்கள். முதலில் தருவது மாத்திரை இல்லை, பழக்கங்களை மாற்றும் பயிற்சி. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, தூங்க மட்டும் படுக்கைக்குப் போவது, தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது (மேலே சொன்ன அதே இருபது நிமிடம்), படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தை நெருக்குவது. மனநல மருத்துவரோ உளவியலாளரோ ஆறு, எட்டு வாரத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். கடைசி அம்சத்தை மட்டும், பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கும் காலத்தில் நீங்களாக முயற்சி செய்யாதீர்கள். இருப்பதே குறைவு.

தூக்கம் இல்லாம, ஒரேயடியாப் போய்ச் சேர்ந்துட்டா நிம்மதின்னு தோணுது. இதை யார்கிட்ட சொல்றது?

இன்றைக்கே சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், சிஸ்டரிடம், யாரிடமாவது. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. தூக்கம் போனால் மனச்சோர்வு வரும், மனச்சோர்வு வந்தால் தூக்கம் போகும், எது முதலில் என்று பிரிப்பது டாக்டர் வேலை. எனக்கும் ஒரு ஐப்பசி மாதம் முழுக்க அப்படித் தோன்றியது. மருந்து சாப்பிட்டேன், எட்டு மாதம்.

இனி மருந்து இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. மிச்சம் இருக்குற நாள்ல நான் தூங்கவா சொல்றீங்க?

சொல்லவில்லை. மேலே எழுதிய கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது. முழித்திருக்க வேண்டும் என்று தோன்றினால் முழித்திருங்கள்.

ஆனால் பிள்ளை ராத்திரி வலியில் எழக் கூடாது. அதற்கு மார்பின் என்ற வலி மருந்து உண்டு. நடுராத்திரி மருந்துக்காக எழுப்பாமல் இருக்கும்படி படுக்கும் நேர அளவை மாற்றித் தர டாக்டரால் முடியும், கேளுங்கள். வலி அடங்கினால் பிள்ளையும் தூங்கும், பக்கத்தில் படுத்திருக்கும் நீங்களும் கண் அசருவீர்கள். வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக் குழு உங்கள் பகுதியில் வீட்டுக்கே வருகிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்னால் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அந்தச் சேவையும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஊரே பார்க்க வரும். வருகிறவர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்து, டீ கொடுத்து, உள்ளே விடாமல் பேசி அனுப்ப ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சொந்தத்தில் வாய்ச் சாமர்த்தியம் உள்ள சித்தி ஒருவர் கட்டாயம் இருப்பார்.